எம்டனில் வராத நோட்டு

ரிடையர் ஆனபிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் பல்லாவரம் சந்தைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வாங்குவதைவிட வேடிக்கை பார்ப்பதுதான் அதிகம். பழைய நாணயமும் நோட்டும் விற்கிற தம்பி ஒருவன் அங்கே எனக்குப் பழக்கம். முப்பத்து நாலு வருஷம் பேங்கில் கேஷியராக இருந்தவன் என்று தெரிந்ததிலிருந்து, என்னைக் கண்டாலே பிளாஸ்டிக் உறைகளை விரித்துவிடுவான்.

போன மாதம் ஒன்றை எடுத்து நீட்டினான். பழுப்பு நிறம். நம்முடைய பழைய ஆயிரம் ரூபாய் நோட்டைவிட நன்றாகவே பெரியது. ஜெர்மன் எழுத்து.

"சார், இது எம்டன் கப்பல்ல வந்த நோட்டு. மெட்ராஸ் மேல குண்டு போட்டான்ல, அந்தக் கப்பல்."

எம்டன், முதல் உலகப் போரில் 1914 செப்டம்பர் 22 ராத்திரி வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்து எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டு, அரை மணி நேரத்துக்குள் ஓடிப்போன ஜெர்மன் போர்க்கப்பல். ஆள் யாரும் கரையில் இறங்கவில்லை. குண்டு போட்ட கையோடு சில்லறையுமா போட்டுவிட்டுப் போயிருப்பான்? "தம்பி, நீதான்டா எம்டன்" என்றேன். சிரித்தான். நானூறு சொன்னான், இருநூற்றைம்பதுக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

நோட்டில் போட்டிருந்த தேதி 1910 ஏப்ரல் 21. அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் எனக்கே ஒரு சபலம், எம்டன் இல்லாவிட்டாலும் அந்தக் காலத்து நோட்டாவது இருக்குமோ என்று. ஆனால் கேஷியர் புத்தி எங்கே போகும்? நோட்டைக் கையில் எடுத்தால் தேதியைவிட முத்திரையையும் வரிசை எண்ணையும்தான் கண் முதலில் தேடும். இதில் இரண்டு முத்திரையும் பச்சை. இந்த ஆயிரம் மார்க் நோட்டில் சிவப்பு முத்திரை என்றால் பழைய அச்சு. பச்சை என்றால் 1918-லிருந்து 1922-க்குள் அடித்தது. போர் முடிந்து ராஜாவும் ஓடிப்போன பிறகு, அதே 1910 தேதியைப் போட்டு, அதே படத்தோடு அச்சடித்துத் தள்ளியிருக்கிறார்கள். எம்டனோ 1914 நவம்பர் 9 அன்றே கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிவாங்கித் தரைதட்டிவிட்டது. ஆக, இந்த நோட்டு பிறப்பதற்கு முன்னாலேயே அந்தக் கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டது.

சரி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போமே என்று போனில் படம் எடுத்தேன். அந்தக் கோதிக் எழுத்தைப் பார்த்துப் போன் திணறியது. ஒவ்வொரு எழுத்தாக நானே அடித்து மொழிபெயர்த்ததில் வந்தது இது: பெர்லினில் உள்ள ரைஷ்பாங்கின் தலைமைக் கேஷ் கவுண்டர், இந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு, அவர் யார் என்று விசாரிக்காமல், ஆயிரம் மார்க் தரும். ரைஷ்பாங்க் என்றால் ஜெர்மனியின் ரிசர்வ் பேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நோட்டிலும் கவர்னர் கையெழுத்துக்கு மேலே இதே ரகத்தில் ஒரு வாக்குறுதி உண்டு. கோடிக்கணக்கில் எண்ணியிருக்கிறேன், ஒருநாளும் அதை நிறுத்திப் படித்ததில்லை. ஆயிரம் மார்க் நோட்டைக் கொடுத்தால் ஆயிரம் மார்க் தருவானாம். வேறு எதில் தருவான்? 1914 ஜூலை வரைக்கும் அதற்குப் பதில் இருந்தது: தங்கத்தில். ஒரு கிலோ சொக்கத் தங்கம் 2,790 மார்க் என்று சட்டம். கணக்குப் போட்டால் இந்த ஒரு தாளுக்கு 358 கிராம். நம் கணக்கில் கிட்டத்தட்ட 45 சவரன். நம் பக்கம் ஒரு கல்யாணமே முடித்துவிடலாம்.

1914 ஜூலை 31 அன்று அந்தக் கவுண்டரில் தங்கம் தருவதை நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 4 அன்று அதைச் சட்டமாகவும் ஆக்கினார்கள். நோட்டில் இருந்த வாக்கியத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

ஜெர்மனியின் பணவீக்கம் என்றால் எல்லோரும் 1923-ஐத்தான் சொல்வார்கள். தள்ளுவண்டியில் நோட்டு, அடுப்பில் நோட்டு, கட்டுக்கட்டாக அடுக்கி விளையாடும் குழந்தைகள். அந்தப் படங்கள் எனக்கு அலுத்துவிட்டன. கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவனாக என்னைக் கேட்டால், அந்த நோட்டு செத்தது 1914 ஆகஸ்டில். ஊருக்குத் தெரிய ஒன்பது வருஷம் ஆயிற்று, அவ்வளவுதான்.

எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ரைஷ்பாங்க் நோட்டு அடிக்க ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெளியிடும் நோட்டில் மூன்றில் ஒரு பங்குக்குத் தங்கமோ அதற்குச் சமமான ரொக்கமோ கையில் இருக்க வேண்டும். மீதிக்கு நல்ல வியாபாரிகளின் குறுகிய கால உண்டியல்கள், அதாவது இன்ன தேதிக்குள் பணம் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்த சீட்டுகள், இருக்க வேண்டும். ஆகஸ்ட் 4 அன்று இரண்டையும் தளர்த்தினார்கள். அரசாங்கமே எழுதிக்கொடுக்கிற கடன் சீட்டை வியாபாரி உண்டியல் மாதிரியே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்புறம் புதிதாகக் கடன் நிலையங்கள் திறந்தார்கள். அதை ஒரு அரசாங்க அடகுக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கையோ பத்திரத்தையோ அடகு வைத்தால் அவர்கள் ஒரு சீட்டுத் தருவார்கள், அது பணம் மாதிரி ஓடும். வேடிக்கை என்னவென்றால், அந்த அடகுச் சீட்டு ரைஷ்பாங்க் கைக்கு வந்தால் அதையும் தங்கத்தோடு சேர்த்துக் கையிருப்பாக எழுதிக்கொள்ளலாம். அதாவது, தாளைக் காட்டித் தாள் அடிக்கலாம். என் மேனேஜர் யாராவது பெட்டகத்தில் ஐ.ஓ.யூ. கடன் சீட்டை வைத்துவிட்டு கேஷ் டேலி ஆகிவிட்டது என்று சொல்லியிருந்தால், அன்றைக்கே இன்ஸ்பெக்‌ஷன் வந்திருக்கும்.

போர்ச் செலவுக்கு வரியைத் தொடவே பயந்தார்கள். ஜனங்களிடம் கடன் கேட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போர்க்கடன் பத்திரம், ஐந்து சதவீத வட்டி. மொத்தம் ஒன்பது முறை. சேர்ந்த தொகை கிட்டத்தட்ட 9,800 கோடி மார்க். நிதிச் செயலாளர் ஹெல்ஃபரிக் 1915-லேயே பார்லிமென்டில் சொல்லிவிட்டார்: இந்தக் கோடிகளின் பாரத்தைப் போரை மூட்டிவிட்ட எதிரிதான் சுமக்கப்போகிறான் என்று. ஜெயித்து, தோற்றவனிடம் வசூலிப்பதாகத் திட்டம். அதே யோசனை பிரான்சுக்கும் இருந்தது.

தங்கத்தையும் வீட்டிலிருந்து வரவழைத்தார்கள். பெண்கள் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இரும்பு மோதிரம் வாங்கிக்கொண்டார்கள். "இரும்புக்குத் தங்கம் தந்தேன்" என்று அதில் பொறித்திருக்கும். என் மனைவியிடம் இதைச் சொன்னேன். தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஆணி மாட்டிக்கொள்வதா என்றாள். அதற்குமேல் பேசவில்லை, எழுந்து குக்கரை அணைக்கப் போய்விட்டாள்.

இந்தப் பக்கம் சாப்பாடு போய்விட்டது. பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகை ஒரு புறம், 1916-ல் உருளைக்கிழங்கு விளைச்சல் அழிந்தது இன்னொரு புறம். அந்தக் குளிர்காலத்துக்கே டர்னிப் குளிர்காலம் என்று பெயர், மாட்டுக்குப் போடுகிற கிழங்கைத் தின்று ஓட்டினார்கள். 1918 அக்டோபர் கடைசியில், தோற்பது உறுதி என்று தெரிந்தபிறகு, மானத்துக்காக ஒரு கடைசிச் சண்டைக்குக் கப்பற்படையை அனுப்பப் பார்த்தார்கள். மாலுமிகள் மாட்டோம் என்றார்கள். நவம்பர் 3 அன்று கீல் துறைமுகத்தில் வெடித்தது, ஆறே நாளில் பெர்லினுக்கு வந்தது. நவம்பர் 9 மத்தியானம் பார்லிமென்ட் ஜன்னலில் நின்று சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷைடமான் குடியரசு என்று அறிவித்தார். கொஞ்ச நேரம் கழித்து அரண்மனைப் பக்கத்திலிருந்து தீவிர இடதுசாரித் தலைவர் லீப்க்னெக்ட் சோஷலிசக் குடியரசு என்று அறிவித்தார். ஒரே ஊரில் ஒரே நாளில் இரண்டு குடியரசு. அடுத்த ஜனவரி 15 அன்று லீப்க்னெக்டையும் அவருடைய தோழர் ரோசா லக்ஸம்பர்கையும் கொன்றார்கள். ரோசாவின் உடல் கால்வாயில் கிடந்தது.

ரைஷ்பாங்கில் மட்டும் ஆள் மாறவில்லை. 1908-லிருந்து தலைவராக இருந்த ருடால்ஃப் ஹாவன்ஸ்டைன்தான் அப்போதும் தலைவர். ராஜா போனார், குடியரசு வந்தது, பிரதமர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இவர் நாற்காலியில் இருந்தார். லஞ்சம் வாங்கியவரில்லை, நேர்மையான அதிகாரி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அவருடைய வருத்தமெல்லாம் ஒன்றுதான்: நாட்டில் நோட்டுத் தட்டுப்பாடு. விலை ஏறிவிட்டது, ஜனங்கள் நோட்டு இல்லாமல் கஷ்டப்படுகிறார்கள், நாம் வேகமாக அடித்துக் கொடுக்க வேண்டும். அடிப்பதால்தான் ஏறுகிறது என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த மாதிரி ஆளை எனக்குத் தெரியும். கிளை ஒன்றில் என் மேலே இருந்தவர் இப்படித்தான். க்யூ நீளமாக இருக்கிறது என்றால் டோக்கன் நிறைய அடிக்கச் சொல்வார்.

போரில் தோற்ற ஜெர்மனி கட்டவேண்டிய நஷ்டஈடு 13,200 கோடி தங்க மார்க் என்று 1921-ல் நேச நாடுகள் நிர்ணயித்தன. 1922 ஜூன் 24 அன்று வெளியுறவு மந்திரி ராதனாவை வலதுசாரி இளைஞர்கள் நடுரோட்டில் சுட்டுக் கொன்றார்கள். இனி யாரும் இந்த நாட்டுக்குக் கடன் தரமாட்டார்கள் என்று மார்க் வைத்திருந்தவர்கள் எல்லாம் அதைக் கைகழுவினார்கள். போருக்கு முன் ஒரு டாலர் 4 மார்க் 20 பெனிக். அந்த ஜூனில் 300 சொச்சம். டிசம்பரில் 7,000-க்கும் மேல். 1923 ஜனவரி 11 அன்று பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் நிலக்கரிப் பகுதிக்குள் நுழைந்தன. அங்கே தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் எதிர்ப்புக் காட்டினார்கள், அவர்களுக்குச் சம்பளத்தை அரசாங்கம் நோட்டு அடித்துக் கொடுத்தது. அப்புறம் பிடிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 17 அன்று ஹாவன்ஸ்டைன் பேசிய பேச்சு ஒன்று இருக்கிறது. இப்போது தினம் 20 லட்சம் கோடி மார்க் வெளியிடுகிறோம், அடுத்த வாரம் அதைத் தினம் 46 லட்சம் கோடி ஆக்கிவிடுவோம் என்கிறார். ஏதோ புது ஆலை திறந்த முதலாளி உற்பத்திக் கணக்குச் சொல்வது மாதிரி. அன்றைக்கு நாட்டில் புழங்கிய மொத்த நோட்டே 63 லட்சம் கோடி.

இங்கே ஒரு சின்ன விஷயம். இங்கிலீஷ் புத்தகத்தில் இந்தக் கணக்கைப் படித்தால் பில்லியன், டிரில்லியன் என்று தலை சுற்றும். ஜெர்மன்காரர்களின் 'பில்லியன்' நம் லட்சம் கோடி. அவர்களுடைய 'மில்லியார்ட்' நம் நூறு கோடி. நமக்குத்தான் இந்தக் கதை எளிதாகப் புரியும்.

பச்சை முத்திரை நோட்டை வாங்கியபிறகு தம்பியிடம் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று கொண்டுவந்தான். இதுவும் ஆயிரம் மார்க், தேதி 1922 டிசம்பர் 15. ஆனால் முகப்பின் குறுக்கே சிவப்பு மையில் பெரிய கோதிக் எழுத்து: ஐனே மில்லியார்டே மார்க். நூறு கோடி மார்க். ஆயிரம் மார்க் செல்லாக்காசு ஆகிவிட்டது, புதிதாகப் படம் வரைந்து அச்சடிக்க நேரமில்லை, கிடந்த தாள்மேல் 1923 செப்டம்பரில் சிவப்பு ரப்பர் ஸ்டாம்பு மாதிரி அடித்து அனுப்பிவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஆயிரம் மார்க் என்றுதான் அச்சாகியிருக்கிறது.

செப்டம்பர் சராசரியில் ஒரு டாலர் சுமார் 10 கோடி மார்க். ஆக இந்த நோட்டு வெளியே வந்தபோது பத்து டாலர் பெறும். நவம்பர் 20 அன்று ஒரு டாலர் 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க். ஒரே ஒரு டாலருக்கு இந்த நோட்டு 4,200 வேண்டும். நூறு நோட்டு ஒரு கட்டு என்றால் நாற்பத்திரண்டு கட்டு. பெர்லினில் ஒரு ரொட்டி அப்போது 20,000 கோடி, அதற்கு இரண்டு கட்டு. என் பச்சை முத்திரை நோட்டில் அதே ரொட்டியை வாங்க 20 கோடி தாள் எண்ண வேண்டும். நல்ல கேஷியர் கையால் மணிக்கு மூவாயிரம் நோட்டு எண்ணுவான் என்று வையுங்கள். எண்ணி முடிப்பதற்குள் ஏழு வருஷம் ஓடிவிடும், அதுவும் ராத்திரி பகல் தூங்காமல்.

2016 நவம்பர் 9-ம் தேதி ஞாபகம் வருகிறது. பேங்க் ஜனங்களுக்கு மூடியிருந்தது, நாங்கள் உள்ளே இருந்தோம். மறுநாளிலிருந்து ஐந்நூறும் ஆயிரமும் மலைமாதிரி குவிந்தன. ஒரு பாட்டி தினம் வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுவருவாள், வீட்டில் யாருக்கும் தெரியாத பணம். ஐந்நூறு ரூபாய்த் தாளில் சீரக வாசனை. அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள். "தம்பி, இதுல காந்தி இருக்காரே, எப்படிச் செல்லாம போகும்?" என்றாள். எனக்கு பதில் தெரியவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். அவளுக்காவது டிசம்பர் 30 வரை கெடு இருந்தது, கணக்கில் போட்டால் ரூபாய்க்கு ரூபாய் வந்தது. இரண்டும் ஒன்றில்லை, தெரியும். ஆனால் ஹாவன்ஸ்டைனின் பேச்சைப் படிக்கும்போது எனக்கு அந்தச் சீரக வாசனைதான் வருகிறது.

முடித்துவைத்தது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1923 நவம்பர் 12 அன்று ஹ்யால்மர் ஷாக்ட் நாணய ஆணையராக வந்தார். நிதி அமைச்சகத்தில், முன்பு துப்புரவுச் சாமான் வைத்திருந்த இருட்டு அறைதான் அவருக்கு ஆபீஸ். ஒரு செக்ரட்டரி, ஒரு டெலிபோன், ஓயாத சுருட்டு. நவம்பர் 15 அன்று ரென்டன்மார்க் வந்தது. நாட்டின் நிலத்தின்மேலும் தொழிற்சாலைகளின்மேலும் ஒரு பொது அடமானம் என்று காகிதத்தில் எழுதி, அதன் பலத்தில் புது நோட்டு. மொத்தம் 320 கோடிக்கு மேல் அடிக்கக் கூடாது என்று உச்சவரம்பு. அதைக் கொடுத்து யாரும் நிலம் வாங்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் அரசாங்கத்தின் கடன் சீட்டை வாங்கி நோட்டு அடிப்பது அன்றோடு நின்றது, லட்சக்கணக்கான அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்து நாள் கழித்து ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க் என்று நிலைநிறுத்தினார்கள். பன்னிரண்டு பூஜ்யத்தை வெட்டினால் டாலர் மறுபடி நாலு மார்க் இருபது. ஹாவன்ஸ்டைன் அதே நவம்பர் 20 அன்று இறந்துபோனார்.

அந்த 9,800 கோடி போர்க்கடன்? புது மார்க்கில் பத்து பெனிக்கும் தேறவில்லை. பத்துப் பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம் தந்தவர்கள் தந்ததுதான். வீட்டுக் கடன் வாங்கியவர்களும் பண்ணை அடமானம் வைத்தவர்களும் முட்டை விற்ற காசில் கடனை அடைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1925 சட்டம் அடமானக் கடனுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து என்று ஏதோ திருப்பிக் கொடுத்தது. அரசாங்கப் பத்திரத்துக்கு அதைவிட மிகக் குறைவு. வெறும் நோட்டு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமே இல்லை.

என் மருமகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அதனாலதான் மாமா ஹிட்லர் வந்தான்" என்றார். எல்லோரும் சொல்வதுதான். 1923 நவம்பர் 8, 9-ல் மியூனிக்கில் அவர் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தது உண்மை, அது புஸ்ஸென்று போனது. 1928 தேர்தலில் அவர் கட்சிக்கு 12 இடம். 1930-ல் 107, 1932 ஜூலையில் 230. அந்த வருஷங்களில் விலை ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது. 1931 ஜூலை 13 அன்று டானாட் என்ற பெரிய பேங்க் கதவைச் சாத்தியது, 1932 ஆரம்பத்தில் அறுபது லட்சம் பேருக்கு வேலை இல்லை. அப்போதும் அரசாங்கம் காசை அவிழ்க்கப் பயந்தது, இருபத்து மூணு மறுபடி வந்துவிடுமோ என்று. மருமகனுக்கு இவ்வளவு தேவைப்படவில்லை, கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு இந்தக் கதையில் மனசில் நிற்பவர்கள் வேறு ஆட்கள். சிவப்பு முத்திரை ஆயிரம் மார்க் நோட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர்கள். பச்சை முத்திரை குப்பை, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் சிவப்பு போருக்கு முந்தைய வாக்கு, அதற்குத் தங்கம் தந்தே ஆக வேண்டும் என்று வருஷக்கணக்கில் வாதாடினார்கள். சங்கம் வைத்தார்கள், வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காகக் குஸ்தாவ் வின்டர் என்று ஒருவர் 1932 ஜனாதிபதி தேர்தலில் அப்போதைய ஜனாதிபதி ஹிண்டன்பர்க், ஹிட்லர், கம்யூனிஸ்ட் தேல்மான் இருந்த அதே வாக்குச்சீட்டில் நின்றார். ஒரு லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. ரைஷ்பாங்க் கவுண்டர் பதினெட்டு வருஷத்துக்கு முன் மூடியது, அவர்கள் இன்னும் க்யூவில் நின்றார்கள்.

நேற்று தம்பியிடம் கேட்டேன், சிவப்பு முத்திரை போட்டது கிடைக்குமா என்று.

"கிடைக்கும் சார். அது கொஞ்சம் விலை கூட."

"ஏன்?"

"அதுதான் சார் நிஜமா எம்டன்ல வந்தது."